கலப்பு ஜெல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஜெல் செய்வதுதான் என் அன்றாட வேலை. இரண்டு வகை ஜெல்களைக் கலந்து, அதற்குள் தங்க நானோ துகள்களை (கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு துகள்களை) உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: ஒரே ஜெல் போதாதா? இரண்டை ஏன் கலக்க வேண்டும்?

நோன்பு நேரத்தில் தட்டில் ஊற்றி ஆறவைக்கும் கடல்பாசியை நினைத்துப் பாருங்கள். கத்தியால் வெட்டினாலும் மூலை மழுங்காது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் வலையாகப் பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இது பாலிமர் ஜெல். இன்னொரு வகையில், சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தாமாகவே அடுக்கி, சில நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. வேதிவினை செய்வதில் இவை கைதேர்ந்தவை. ஆனால் கரண்டி பட்டாலே உடைந்துவிடும். அதனால்தான் கலக்கிறோம்: வலுவுக்குப் பாலிமர், வேலைக்கு இந்தச் சிறு மூலக்கூறுகள்.

பாகூர் மாணவி: அக்கா, எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு டிபிஎஸ் ஹைட்ரசைடு ஜெல் செய்கிறேன். குப்பியிலிருந்து எடுத்தாலே நொறுங்குது.

நொறுங்கத்தான் செய்யும்மா. டிபிஎஸ் ஹைட்ரசைடு, மேலே சொன்ன சிறு மூலக்கூறு வகைதானே. ஹைட்ரசைடு போட்ட அதே நீரில் 1 சதவீதம் அகரோஸ் (கடல்பாசியை உறையவைக்கும் சர்க்கரைச் சங்கிலி) சேர்த்துக் கொதிக்க வை. முழுக்கத் தெளிந்ததா என்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கணும். முதல் வருஷம் நான் அவசரப்பட்டு, வெள்ளைப் புள்ளிகள் மிதக்கும்போதே இறக்கினேன். அவை அப்படியே நின்றுபோய், ஒரு செட் முழுக்க வீணானது. ஆறும்போது ஆட்டாதே. ஹைட்ரசைடு சூட்டிலேயே இழை கட்டத் தொடங்கிவிடும். அகரோஸ் 40 டிகிரிக்குக் கீழே வந்துதான் உறையும். ஒன்று முடித்த பிறகு மற்றது கட்டுவதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்: இதில் நானோ துகள் எங்கிருந்து வருகிறது?

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், சார். மஞ்சள் நிறத் தங்க உப்புக் கரைசலை ஜெல்லின் மேல் ஊற்றினால் அது மெல்ல உள்ளே இறங்கும். ஹைட்ரசைடு தொகுதி எலக்ட்ரானைக் கொடுக்க, தங்க அயனி உலோகத் துகளாகிவிடும். எலக்ட்ரான் கொடுக்க வேறு பொருள் (ஒடுக்கி) எதுவும் தேவையில்லை. ஜெல் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் நிறம் நீலத்தை நோக்கிப் போகும். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழு, மாதிரிக் கழிவுக் கரைசலிலிருந்து விலையுயர்ந்த உலோகங்களை இப்படிப் பிரித்தெடுத்ததை 2016-இல் வெளியிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: பழைய போன்களிலிருந்து வீட்டிலேயே தங்கம் எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கடும் அமிலத்தில் கரைக்க வேண்டும். அந்தப் புகை நுரையீரலைப் பாழாக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையென்றால், உறைந்த கடல்பாசித் துண்டைக் கை பொறுக்கும் வெந்நீரில் போடுங்கள், உருகாது. பிறகு பெரியவர் ஒருவர் அதை அடுப்பில் கொதிக்க விடட்டும். 40 டிகிரிக்குக் கீழே உறைந்தது, 85-ஐத் தாண்டினால்தான் உருகும்.