சொதிக்கு எந்த பீர்?

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி எங்கள் வீட்டில் இடியாப்பம், சொதி. மனைவிக்குத் திருநெல்வேலி என்பதால் பக்குவத்தில் குறை இருக்காது. வயிற்றை அடைக்காத சாப்பாடு. இதோடு குடிக்கப் பொருத்தமான பீர் எது? ஸ்ட்ராங்காக இருந்தால் நல்லது.
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: பாட்டிலில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை நீங்களும் படித்திருப்பீர்கள், நானும் படித்திருக்கிறேன். மேலே போவோம்.

நம் ஊரில் பாட்டிலை நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் வருகிற சாப்பாட்டுக்கு 'சைடு டிஷ்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வஞ்சிரம் வறுவலே ஆனாலும் அங்கே அது சைடுதான். நீங்களோ சாப்பாட்டை நடுவில் வைத்து, அதற்குத் துணையாக பீர் கேட்கிறீர்கள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கவிழ்த்துவிட்டீர்கள்.

650 மி.லி. ஸ்ட்ராங் பாட்டில், 8 சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் ஆல்கஹால் மட்டும் 52 மி.லி. ஏறக்குறைய நாலு சின்ன பெக் விஸ்கி. வயிற்றை அடைக்காத இடியாப்பத்தின் மேல் இதை ஊற்றிவிட்டு லேசான சாப்பாடு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ருசிக் கணக்கும் உதைக்கிறது. சொதியில் என்ன இருக்கிறது? இரண்டாம் பாலில் வெந்த காய், குழைந்த பாசிப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய். கடைசியில் முதல் பாலை விட்டு, கொதிக்க விடாமல் இறக்கி, அப்புறம் எலுமிச்சை பிழிவார்கள். அந்த எலுமிச்சை வாசம் மேலே மிதக்கும்போதே சாப்பிட வேண்டும். ஸ்ட்ராங் பீரின் தித்திப்பும் தொண்டைக் காந்தலும் அதை ஒரே மடக்கில் அடித்துப் போட்டுவிடும். காரமும் கூடித் தெரியும். மிளகாய் சுடுகிற அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் உசுப்பும்.

சரி, எதைக் குடிப்பது? பெல்ஜியத்து விட்பியர். கோதுமை சேர்த்துக் காய்ச்சி, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். ஆம், நம் தனியாவேதான். ஹூகார்டன் என்ற ஊரில் 1950களில் கடைசி ஆலையும் மூடி இந்த வகையே போய்விட்டது. 1960களில் அதை மீட்டெடுத்தவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். தேங்காய்ப்பாலுக்கு ஒரு பால்காரரின் பீர் ஒத்துப்போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்; கசப்பு குறைவு. உங்கள் ஊரில் பீரைத் தாங்களே காய்ச்சி ஊற்றும் கடைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்டுப் பாருங்கள்.

வாங்கினால் 330 மி.லி. போதும். ஃப்ரீசரில் போட்டு உறைய வைக்காதீர்கள். நாக்கு மரத்துப்போனால் தனியாவும் தெரியாது, எலுமிச்சையும் தெரியாது. முக்கால்வாசியை ஊற்றிவிட்டு, மீதியை ஒரு சுழற்று சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு விடுங்கள். கலங்கலாகத்தான் வரும். கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்த கேள்வி ரசம் சாதத்துக்கு என்று வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ரசத்துக்கு எந்த பீரும் வேண்டாம். கொதிக்கிற புளிப்புக்கு மேல் சில்லென்ற நுரை, இரண்டுக்கும் அவமரியாதை.

ஒரு சந்தேகம். தேங்காய் துருவிப் பால் எடுப்பவருக்கு எந்த பீர் பிடிக்கும் என்றோ, பிடிக்கவே பிடிக்காது என்றோ உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? அவரையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக உருளைக்கிழங்கு சிப்ஸ். சொதிக்கும் அது ஜோடி, பீருக்கும் ஜோடி. ஆனால் இடியாப்பம் தட்டுக்கு வருவதற்குள் நீங்கள் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டால், அவருக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடிதான் மிஞ்சும்.