ஓடுவது தார் ரோட்டில், கேட்பது காட்டு டயர்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஏ.டி. (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்பாதைக்கும் சேர்த்துச் செய்த) டயரைப் பற்றித்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்தாலே எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வண்டியின் பெயரோ டயர் சைஸோ இல்லாமல் பதிலே சொல்ல முடியாத கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். அவற்றில் ஒன்றை மட்டும் கீழே போட்டிருக்கிறேன், மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

அண்ணாச்சி, என்னிடம் கிரெட்டா இருக்கிறது, டயர் சைஸ் 215/60 R17. வீடு பாளையங்கோட்டை, கடை டவுனில். வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சோலை, இரண்டு தடவை குற்றாலம். ஏ.டி. போடலாமா?
– பாளையங்கோட்டை வாசகர்

வேண்டாம். குற்றாலத்துக்குத் தார் ரோடு கிடக்கிறது. மஞ்சோலைக்கு மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை அனுமதி கிடைத்தால்தான் போகவே முடியும். அப்படியே போனாலும் அங்கே கல்லில் இடிக்கப்போவது உங்கள் வண்டியின் அடிவயிறு, டயர் இல்லை. மிச்ச நாளெல்லாம் நெல்லை ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கும் வண்டி இது. ஒரு நாள் அருவிக் குளியலுக்காக வருஷம் பூராவும் துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் உட்காருவீர்களா? நல்ல எச்.டி. (ஹைவே டெரெய்ன், தார் ரோட்டுக்கென்றே செய்த) டயர் போதும். காற்றை மட்டும் காலையில், வண்டியை எடுக்கும் முன், சொந்த கேஜ் வைத்துப் பாருங்கள்.

நல்ல டயர் எது? உடனே பதில் தேவை.
– ஊர் எழுதவில்லை

நல்ல செருப்பு எது? காலைக் காட்டாமல் செருப்புக் கடையில் கேட்டுப் பாருங்கள், அங்கே கிடைக்கும் பதில்தான் எனக்கும் தெரியும்.

ஸ்கார்ப்பியோ, 235/65 R17. வள்ளியூரிலிருந்து தினமும் நெல்லைக்கு நால்வழிச்சாலையில் போய் வருகிறேன். ஏ.டி. போட்டால் மழையில் நன்றாகப் பிடிக்கும், டயரும் அதிகம் உழைக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
– வள்ளியூர் வாசகர்

இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

மழையில் பிடிப்பது என்றால் எந்தத் தரையில் என்று கேட்க வேண்டும். ஈர மண், புல், சரளை என்றால் ஏ.டி. பிடிக்கும். நனைந்த தாரில் எச்.டி.தான் பெரும்பாலும் சீக்கிரம் நிற்கும். ஏ.டி.யில் பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளுக்கு, நடுவே இடைவெளி அதிகம். அந்த அளவுக்குத் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டன் உயரமாக இருப்பதால் பிரேக் அடிக்கும்போது அது கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஐப்பசி மழையில் நாங்குநேரிப் பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது டயர்ப் பள்ளத்தின் ஆழமும் உங்கள் வேகமும்தான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட விடுகிறது. நான் மூன்று மில்லியிலேயே மாற்றச் சொல்வேன்.

உழைப்பும் அப்படித்தான். பட்டன் ஆழம் அதிகம் என்பதால் கூடுதலாக ஓடும், ஆனால் ரொட்டேஷன் தவறாமல் செய்தால்தான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை இடம் மாற்றாவிட்டால் பட்டன்கள் ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் மழுங்கலாகத் தேயும். அப்புறம் எண்பதில் போகும்போது விமானம் இறங்குகிற மாதிரிச் சத்தம் வரும். வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் காசைக் கொட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இதுபோக ஒவ்வொரு டயரும் இரண்டு மூன்று கிலோ எடை கூடும். மைலேஜும் கொஞ்சம் போகும்.

நால்வழிச்சாலை மட்டும்தான் உங்கள் பாதை என்றால் எச்.டி.யே வாங்குங்கள். கட்டாயம் ஏ.டி.தான் என்றால் முரட்டு ரகத்தை விட்டுவிட்டு, நடுப்பட்டன்கள் நெருக்கமாக, நிறைய மெல்லிய கீறல்களோடு இருப்பதாகப் பாருங்கள். லோடு இன்டெக்ஸும் (டயர் தாங்கும் எடைக்கான எண்) வேக எழுத்தும் (அது தாங்கும் வேகத்துக்கான எழுத்து) பழைய டயரில் இருப்பதற்குக் குறையக்கூடாது.

மஹிந்திராவின் தார் வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. குட்டம் தேரியில் இரண்டு தடவை புதைந்துவிட்டது. கம்பெனி கொடுத்த ஏ.டி. போதாதா? எம்.டி. போட வேண்டுமா?
– திசையன்விளை வாசகர்

எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கான முரட்டு டயர்) போட்டால் இன்னும் வேகமாகப் புதைவீர்கள். தேரி மணல் களி குறைவான பொடி மணல், காற்று வாரிக் குவித்தது. முரட்டுப் பட்டன் அதில் மண்வெட்டி வேலை பார்க்கும், சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். மணலில் வேண்டியது அகலமான பாதம். ஒட்டகத்துக்கு இருப்பது பட்டன் பாதமா என்ன?

காற்றை இறக்குங்கள். முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. இருப்பதைப் பதினெட்டு, இருபதுக்குக் கொண்டுவந்தால் டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். அதே வண்டி அதே மணலில் மிதந்து போவதை நீங்களே பார்க்கலாம். அந்த அழுத்தத்தில் வேகம் வேண்டாம், சடாரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கவும் வேண்டாம், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார் ரோட்டில் ஏறும் முன் பழையபடி காற்றடித்தே ஆக வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். இருபது பி.எஸ்.ஐ.யோடு சித்திரை வெயிலில் வீடு வரை ஓட்டி வந்தால் டயர் உள்ளுக்குள் வெந்துவிடும். இன்றைக்கு வெடிக்காவிட்டால் அடுத்த மாதம் வெடிக்கும்.

ஸ்கார்ப்பியோவுக்கு 235/65 R17-க்குப் பதிலாக 265/65 R17 ஏ.டி. போட ஆசை. பார்க்க கம்பீரமாக இருக்கும், கிரவுண்ட் கிளியரன்ஸும் கூடும். நண்பர்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். ஏதாவது பிரச்சினை வருமா அண்ணாச்சி?
– கே.டி.சி. நகர் வாசகர்

வந்துவிட்டதா இந்தக் கேள்வி! மாதா மாதம் வருகிறது. மாதா மாதம் நானும் கத்துகிறேன்.

தம்பி, முதலில் கணக்கு. உங்கள் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 737 மில்லி. நீங்கள் கேட்பது 776. நாற்பது மில்லி கூடுகிறது, சரி. தரையிலிருந்து வண்டி எழும்புவது அதில் பாதி, இருபது மில்லி. ஒரு விரல் கனம்! அதற்காக என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

உயரம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மூன்றைத் தாண்டினாலே நான் யோசிப்பேன். மீட்டர் நூறு காட்டும்போது நீங்கள் நூற்றைந்துக்குப் பக்கம் போவீர்கள். ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு இழுவையை இழக்கும். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும்போது மூன்றாம் கியர் போட்ட இடத்தில் இரண்டாம் கியர் கேட்கும். சக்கரம் கனத்தால் பிரேக்குக்கும் வேலை கூடும், நிற்கும் தூரம் நீளும், சஸ்பென்ஷன் புஷ்கள் சீக்கிரம் போகும். 265-க்கு ரிம் அகலம் ஏழரை அங்குலமாவது வேண்டும். உங்கள் ரிம்மில் என்ன எண் பொறித்திருக்கிறது என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ரிம் குறுகலாக இருந்தால் டயரின் நடுப்பகுதி உப்பி, நடுவில் மட்டும் தேயும்.

அப்புறம் உரசல். நேராக நிற்கும்போது எல்லா டயரும் உள்ளே உட்காரும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆள் ஏற்றி, ஒரு பள்ளத்தில் இறக்கினால்தான் தெரியும். நானே ஒரு காலத்தில் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தவன்தான். பழைய ஜீப்புக்கு இரண்டு சைஸ் ஏற்றிப் போட்டேன். போட்டுக் கொடுத்த கடையில், கொஞ்சம் உரசுது என்று சொல்லி உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கை வெட்டித் தூர எறிந்தார்கள். இனி ஒன்றும் ஆகாது என்றார்கள். பிளாஸ்டிக் போனதும் உள்ளே தகரத்தின் மடிப்பு வெளியே நீட்டிக்கொண்டது. மலைப்பாதைக் கொண்டையூசி வளைவுகளில் அது டயரின் தோளைப் பென்சில் சீவுகிற மாதிரிச் சீவிவிட்டது. நல்லவேளை, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பார்த்தேன், நூல் தெரிந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அது பழைய சைஸ். ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரியது என்று நொண்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். நாலு டயருக்குப் பணம் கொடுப்பவர்கள் ஐந்தாவதை நினைப்பதே இல்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. வண்டியின் அமைப்பைக் கம்பெனி விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது, நண்பர்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள் என்று அவரிடமும் சொல்லிப் பாருங்கள்.

அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸ் என்றால் யோசிக்கலாம். மற்றபடி உங்களுக்கு 235/65 R17-தான், அதிலேயே ஏ.டி. கிடைக்கிறது. கம்பீரம் வேண்டுமென்றால் வண்டியைக் கழுவி வையுங்கள்.

எக்ஸ்.யு.வி.700, 235/60 R18. சங்கரன்கோவில் ரோட்டுப் பள்ளத்தில் இரண்டு அலாய் வளைந்துவிட்டது. ஏ.டி. போட்டால் ரிம் தப்புமா?
– தச்சநல்லூர் வாசகர்

ரிம்மைக் காப்பது டயரின் சுவர் உயரமும் காற்றும். பட்டனுக்கு அதில் பெரிய வேலை இல்லை. உங்கள் வண்டியின் வேறு வேரியன்ட்டில் 235/65 R17 வருகிறது. மொத்த உயரம் அநேகமாக ஒன்றுதான், சுவர் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடும். அந்த 17 அங்குல வீல் பிரேக்கில் தட்டாமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள். இந்தக் கடிதங்களிலேயே சைஸ் மாற்று என்று நான் சொல்வது உங்களுக்கு மட்டும்தான், அதுவும் இறக்கச் சொல்கிறேன்.

மானூர்ப் பக்கம் கரிசல் காடு. மழை பெய்தால் பொலேரோ வயலுக்குப் போகாது. எந்த ஏ.டி. நல்லது?
– மானூர் விவசாயி

எதுவும் நல்லதில்லை. ஈரக் கரிசல் பட்டன் இடைவெளியில் அப்பிக்கொண்டு, பத்தடி போவதற்குள் ஏ.டி.யை மொட்டை டயர் ஆக்கிவிடும். எம்.டி. கொஞ்சம் சேற்றை உதறும், அதுவும் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு மிச்ச மாதங்களைத் தாரில் ஓட்ட முடியாது. உங்கள் ஐயா காலத்தில் என்ன செய்தார்களோ அதையே செய்யுங்கள்: வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து போங்கள். இல்லாவிட்டால் டிராக்டர்.

கல் குவாரி வைத்திருக்கிறேன். தினமும் பத்து கிலோமீட்டர் ஜல்லிப் பாதை, முப்பது கிலோமீட்டர் தார். எச்.டி. டயர் வருஷத்துக்கு இரண்டு கிழிகிறது.
– ராதாபுரம் வாசகர்

இத்தனை கடிதத்தில் உண்மையாகவே ஏ.டி. தேவைப்படுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். தோள்பட்டை கனமாக, சுவரில் கூடுதல் அடுக்கு உள்ளதாக வாங்குங்கள். எல்.டி. (லைட் டிரக், சின்ன லாரிக்கான) வகை என்றால் அதற்குக் காற்று அதிகம் வேண்டும், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு போதாது. டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலையில், டயர் சூடாகும் முன், சொந்த கேஜில்.

சீமைக்கருவேல முள் ஏறிப் பஞ்சர் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஏ.டி. தடுக்குமா?
– களக்காடு வாசகர்

ஓரளவுதான். முள் இரண்டு அங்குலம், பட்டன் ஒரு சென்டிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முள் உள்ளே ஒடிந்து நின்றால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஒரு வாரம் வரைக்கும் தெரியாது. அதனால்தான் கேஜ், கேஜ் என்று அடித்துக்கொள்கிறேன். திரி வைத்து அடைப்பது ஊர் வந்து சேர மட்டும். அப்புறம் டயரைக் கழற்றி உள்ளிருந்து பேட்ச் போடுங்கள். சுவரில் ஏறியிருந்தால் அந்த டயருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஏ.டி. டயரில் மலைப் படமும் நடுவில் பனிச்செதிலும் போட்டிருக்கிறது. அதற்கு விலை கூடுதல் கேட்கிறார்கள்.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பனியில் சோதித்துத் தேறியது என்று அதற்கு அர்த்தம். அம்பையில் பனி கொட்டும்போது வாங்கிக்கொள்ளலாம்.

காசு இறுக்கம். இப்போதைக்கு இரண்டு ஏ.டி. மட்டும் போடலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

கூடாது. முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்றால் ஈர ரோட்டில் வண்டி சுற்றும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் கியர்பெட்டியும் சேர்ந்து அழும். பழைய ரகத்திலேயே இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள்.

புது டயர் என்று கொடுத்தார்கள். சுவரில் 1422 என்று இருக்கிறது.
– வண்ணார்பேட்டை வாசகர்

2022-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் செய்தது. பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியதை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். ஐந்தாவதையும் பாருங்கள், ஸ்டெப்னியில் இதைவிடப் பழசு இருக்கும்.

நைட்ரஜன்?
– பணகுடி வாசகர்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

என் டயரின் போட்டோ இணைத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு ஓடும்?
– திருக்குறுங்குடி வாசகர்

போட்டோவில் சேறுதான் தெரிகிறது. கழுவிவிட்டு மறுபடி எடுத்து அனுப்புங்கள். பட்டன் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி வைத்து எடுங்கள், சைஸையும் எழுதுங்கள்.