நம்மூர் மரத்தில் வீடு: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி (கும்பகோணம்): வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம். நிலை, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே நம்மூர் மரத்தில் செய்யலாம் என்கிறார் இன்ஜினியர். மரக்கடைக்காரரோ, "நாட்டுத் தேக்கைப் பூச்சி அடிக்கும், ஆப்பிரிக்கத் தேக்கு வாங்குங்க, வசதி இருந்தா பர்மா போங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இன்ஜினியர் சொல்வது சரி. ஆனால் கடைக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைப் புரிந்துகொண்டால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் பர்மாவை முடித்துவிடுவோம். உருட்டு மரத்தை ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்குள்ள அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டிருக்கின்றன. அதனால் கடை வாசலில் உருட்டாகக் கிடப்பதைக் காட்டி "புது பர்மா சார்" என்று யாராவது சொன்னால், எந்த வருஷம் இறங்கியது, ரசீது எங்கே என்று கேளுங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆப்பிரிக்கத் தேக்கு என்பது இன்னும் குழப்பம். கானா, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் தோட்டம் போட்டு வளர்த்தது என்றால் அது நம் தேக்கின் இனமேதான். ஆனால் அங்கிருந்து வருகிற, தேக்குக்குச் சம்பந்தமே இல்லாத மரங்களும் அதே பெயரில் விற்கின்றன. சந்தேகம் பெரிதாக இருந்து, வாங்கும் தொகையும் பெரிதாக இருந்தால், பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு துண்டு அனுப்பி என்ன மரம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நாட்டுத் தேக்கு. உங்கள் பக்கம் வாய்க்கால் கரைகளிலும் படுகைகளிலும் தேக்கு வளர்வது உங்களுக்கே தெரியும். அதை வாங்கினால் மரம் வருகிற தூரமும் குறைவு, பணமும் உள்ளூரிலேயே நிற்கும். பூச்சி அடிப்பது நாட்டுத் தேக்கு என்பதால் இல்லை, இளம் மரம் என்பதால். பன்னிரண்டு, பதினைந்து வருஷத்தில் வெட்டிய மரத்தில் நடுவில் வைரம், அதாவது முற்றிய கெட்டிப் பகுதி, கொஞ்சம்தான் இருக்கும், சுற்றிலும் முற்றாத வெள்ளை. கரையானையும் உளுவையும் தாங்குவது வைரம் மட்டுமே. வெள்ளைக்கு அந்தச் சக்தி கிடையாது, அது எந்த தேசத்துத் தேக்காக இருந்தாலும். ஆகவே கடையில் "என்ன தேக்கு?" என்று கேட்பதைவிட "வெள்ளை எவ்வளவு?" என்று கேளுங்கள். வெட்டு முகத்தைப் பார்த்தாலே தெரியும். சில இடங்களில் வெள்ளைமேல் சாயம் தடவி வைத்திருப்பார்கள், ஓரத்தில் ஒரு இழைப்பு இழைக்கச் சொன்னால் வெளுத்துவிடும். நிலைக்கும் வெளி ஜன்னலுக்கும் வெள்ளை இல்லாத மரம், உள்ளே அலமாரிக்கு மருந்து போட்ட வெள்ளை கலந்த மரம் என்று பிரித்து வாங்கினால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

அப்புறம் கணக்கு. உருட்டு மரத்தை நம்மூரில் கால் சுற்றளவு முறையில் அளக்கிறார்கள்: சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பது. 60 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 15.6 கன அடி. உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 20. இதில் உங்களுக்கு நான்கு கன அடிக்கு மேல் லாபம் என்று நினைக்காதீர்கள், அறுப்பில் போகிற கழிவுக்கு வைத்த தள்ளுபடி அது, பெரும்பாலும் அதுவும் போதாது. அறுத்த சட்டம் வாங்கினால் கணக்கு எளிது. ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டத்தில் ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், கீழ்ப்படி இல்லாத நிலைக்கு மொத்தம் பதினேழரை அடி ஓடும். 5 × 3 × 17.5 ÷ 144, அதாவது 1.82 கன அடி. இதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவு இழைப்புக்கு முன்னா பின்னா என்பதையும் கேட்டுவிடுங்கள், கால் அங்குலம் எங்கே போனது என்ற சண்டை அங்கேதான் கிளம்பும்.

கேள்வி (தாராபுரம்): எங்கள் தோட்டத்தில் இரண்டு பெரிய வேப்ப மரம் இருக்கிறது. வெட்டி வீட்டுக்கே போட்டுக்கொள்ளலாமா? ஆர்க்கிடெக்ட் வரைந்த படத்தில் எட்டடி உயரத்துக்குப் பெரிய கண்ணாடிக் கதவுகள் வருகின்றன. வேம்பு முறுக்கிக்கொள்ளும் என்று தச்சர் பயமுறுத்துகிறார்.

பதில்: தச்சர் பயமுறுத்தவில்லை, தெரிந்ததைச் சொல்கிறார். வேம்பின் நார் பின்னிப் பின்னி ஓடும், அதனால் அகலப் பலகையாக அறுத்தால் திருகிக்கொள்ளும். ஆனால் அதே வேம்பு வைரம் பாய்ந்தது என்றால் நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நன்றாக நிற்கும், பூச்சி எளிதில் கிட்ட வராது. படத்தை மரத்துக்குத் தகுந்தபடி மாற்றச் சொல்லுங்கள். எட்டடிக் கண்ணாடிக் கதவின் சட்டத்துக்கு நேராக நார் ஓடுகிற தேக்கு, அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற நிலைக்கு உங்கள் வேம்பு. உள்ளூர் மரத்தில் புதுப் பாணி வீடு கட்டுகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அலுமினியத்துக்கு வரைந்த மெல்லிய படத்தை அப்படியே நாட்டு மரத்தில் செய்யச் சொல்வார்கள், இரண்டு மழை போனதும் கதவு சாத்தாது, பழி மரத்தின்மேல் விழும். முடிந்தால் அந்தக் கதவுக்கு மேலே ஒரு இரண்டரை, மூன்றடி சாய்ப்பு இறக்குங்கள். எந்தப் பாலிஷும் அது செய்கிற வேலையைச் செய்யாது.

வெட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டா நிலத்து மரம் என்றாலும் எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு விலக்கு என்பது மரத்துக்கு மரம் மாறும். மலைப்பகுதி என்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. உங்களுக்கு அது வராது, ஆனால் லாரியில் மரத்தை மில்லுக்கு ஏற்றிய பிறகு வழியில் மறித்து காகிதம் கேட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

காய வைப்பதுதான் பெரிய வேலை. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். தாராளமாகத் தேய்பிறையிலேயே வெட்டுங்கள், ஆனால் காய வைக்காத மரத்தை எந்தப் பிறையும் காப்பாற்றாது. வெட்டியதும் அறுத்துவிடுங்கள், உருட்டாகப் போட்டு வைத்தால் வெடிக்கும். அறுத்த சட்டங்களைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே கனத்தில் ரீப்பர் துண்டு வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இரு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி விடுங்கள். ஒரு அங்குலப் பலகை நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் காய்ந்துவிடும். மூன்று அங்குலக் கனமுள்ள சட்டம் அப்படி இல்லை, அஸ்திவாரம் தோண்டும் முன்பே மரத்தை வெட்டிவிட்டால் கதவு வைக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. மேல்புறத்தில் குத்திப் பார்க்காதீர்கள், அது எப்போதும் காய்ந்துதான் காட்டும். முனையில் ஒரு சாண் வெட்டித் தள்ளிவிட்டு, புது வெட்டு முகத்தின் நடுவில் குத்துங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் வெளியில் வேம்போ வாகையோ வாங்க நேர்ந்தால் டன் கணக்கில் பச்சை மரம் விற்பார்கள். அதில் ஒரு நல்ல பங்கு தண்ணீருக்கே காசு கொடுக்கிறீர்கள், பேரம் பேசும்போது நினைவிருக்கட்டும்.

கேள்வி (சென்னை): கூரையில் பனங்கை (பனைமரச் சட்டம்) தெரிகிற மாதிரி ஒரு அறை வேண்டும் என்று ஆசை. எங்கே வாங்குவது?

பதில்: பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆகவே "இப்போதான் வெட்டினது" என்று வருகிற பனங்கையை, காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கிற பனங்கை நல்ல வழி, காய்ந்து பழுத்தது, இனி சுருங்காது. பனையில் வெளிப்பக்கம்தான் இரும்பு, உள்ளே சோறு, அதனால் பழசை மெலிதாக இழைத்துத் தரச் சொல்லாதீர்கள், பலம் உள்ள பக்கம்தான் போகும்.

காரைக்குடிப் பக்கம் பிரித்த வீட்டு மரத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. அங்கே உத்திரம், தூண், கதவு எல்லாம் கிடைக்கும், நிஜமான பழைய பர்மா தேக்கும் கிடைக்கும். அளக்கும்போது பொருத்துத் துளையும் உளுத்த முனையும் போக மிச்சத்துக்குக் காசு பேசுங்கள். ஆணி பிடுங்கும் கூலி யாருடையது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள், உள்ளே புதைந்த ஒரு ஆணி போதும் மில்காரரின் ரம்பம் போக. எனக்கு இதில் ஒரே ஒரு உறுத்தல்: நன்றாக நிற்கிற வீட்டை மரத்துக்காகவே பிரிப்பதும் நடக்கிறது. எந்த வீடு, ஏன் பிரித்தார்கள் என்று கேட்டால் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): எப்.எஸ்.சி. முத்திரை இருந்தால்தான் நல்ல மரமா?

பதில்: இல்லை. எப்.எஸ்.சி. என்பது பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்று சொல்லும் சர்வதேசச் சான்று. முத்திரை இருந்தால் அதிலுள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், கடையின் பில்லிலும் அந்த எண் வர வேண்டும், பலகையில் மட்டும் ஒட்டியிருந்தால் அது வெறும் ஸ்டிக்கர். இந்திய அரசும் 2023 டிசம்பரில் சொந்தமாக ஒரு சான்றுத் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஆனால் நாலு வேம்பு வைத்திருக்கிற விவசாயியிடம் எந்த முத்திரையும் இருக்காது. அங்கே எந்தத் தோட்டத்து மரம் என்று போய்ப் பார்ப்பதே சான்று.

கேள்வி (ராமநாதபுரம்): சீமைக்கருவேலத்தில் தரை போடலாம் என்று நண்பர் சொல்கிறார். கிண்டலா, நிஜமா?

பதில்: நிஜம்தான். நாம் கரி போடுகிற இந்த மரத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட்டில் டெக்சாஸில் விலை உயர்ந்த மரத்தரை போடுகிறார்கள். அர்ஜென்டினாவில் இதன் இன்னொரு உறவு மேஜை நாற்காலிக்குப் பேர் போனது, புவனோஸ் அயர்ஸ் தெருக்களில்கூட ஒரு காலத்தில் அந்தக் கட்டைகளைப் பாவியிருந்தார்கள். வைரம் செம்பழுப்பு நிறம், கல் மாதிரி கடினம், காய்ந்தபின் சுருங்குவதும் உப்புவதும் மிகக் குறைவு. இதை அழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போன மாநிலத்தில் இதைவிட மனச்சாட்சிக்குச் சுலபமான மரம் கிடைக்காது.

சிக்கல் வேறு. மரம் கோணல், நேராக நாலடி கிடைப்பதே பெரிய விஷயம். அதனால் நீளப் பலகை கேட்காதீர்கள்; ஒரு அடி, ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, மீன்முள் வரிசையில் பதிக்கச் சொல்லுங்கள். மேஜைப் பலகை வேண்டுமென்றால் துண்டுகளை விரல் இணைப்பில் ஒட்டிச் செய்யலாம். வெள்ளையை முழுக்கக் கழித்துவிட வேண்டும், அதில் துளைப்பான் பூச்சி சீக்கிரம் ஏறும். ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும் என்பதால் அறுப்புக் கூலி அதிகம் கேட்பார்கள், அது நியாயம்தான். மரம் மலிவு என்பதை நம்பி மொத்தச் செலவும் மலிவாக முடியும் என்று கணக்குப் போட வேண்டாம். முதலில் பூஜை அறையோ படிப்பறையோ ஒரு சின்ன இடத்தில் போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): ரெடிமேட் தேக்குக் கதவு வாங்கி ஒரு மழை முடிவதற்குள் வில்லாக வளைந்துவிட்டது. "மரம்னா அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: காய்ந்த மரம் அப்படி இல்லை. ஆனால் புகார் கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கதவின் மேல் ஓரத்திலும் அடி ஓரத்திலும் பாலிஷ் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது, தொங்கவிட்ட பிறகு பூசியிருப்பார்கள், அடிப்பக்கம் பிரஷ் போகாது. அந்த வழியாக ஈரம் ஏறித்தான் பல கதவுகள் வளைகின்றன. உங்கள் ஆள் பூசியது என்றால் கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்வார்.

ஆறு பக்கமும் பூசியிருந்தும் வளைந்தது என்றால் கேட்க வேண்டியதுதான். கதவின் மூலைக்கு மூலை நூல் கட்டி, வளைவு தெரிகிற மாதிரி அளவுகோலோடு படம் எடுங்கள். மீட்டர் இருந்தால் ஈர அளவையும் படமெடுங்கள். பில்லில் 'தேக்குக் கதவு' என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'கதவு' என்றா என்று பாருங்கள். பிறகு மாற்றித் தரும்படி தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதனால் கதவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள், சாட்சி அதுதான்.

இனி வாங்குகிறவர்களுக்கு: மரத்தை ஒருவரிடமும் வேலையை இன்னொருவரிடமும் கொடுத்தால், வளைந்த அன்று மரம் சரியில்லை என்பார் ஒருவர், வேலை சரியில்லை என்பார் மற்றவர். முடிந்தவரை மரமும் கூலியும் ஒரே பில்லில் வரட்டும். அதில் மரத்தின் பெயர், கன அடி, 'வெள்ளை இல்லை', ஈரம் எத்தனை சதவீதம் என்ற நாலையும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுக்கிற கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.