மண்ணைப் போட்டு மூடினால் கேம்ப் ஃபயர் அணைந்துவிடுமா?

கேள்வி: போன பிப்ரவரியில் இரண்டு குடும்பமாக, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் டென்ட் போட்டுத் தங்கினோம். ராத்திரி கேம்ப் ஃபயர். பதினொன்றரை மணிக்கு மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் அந்த மண்ணிலிருந்து லேசாகப் புகை வருகிறது. என் பையன் செருப்பில்லாமல் அதை மிதிக்கப் போனான், சட்டென்று தூக்கிவிட்டேன். மண் போட்டால் போதாதா? தண்ணீர் குறைவான இடத்தில் எப்படி அணைப்பது? சாம்பல், குப்பையை எல்லாம் என்ன செய்ய வேண்டும்? இந்த முறையும் அங்கேதான் போகிறோம். (வாசகர், மதுரை)

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கும் நிம்மதி. நேராகவே சொல்லிவிடுகிறேன், மண் போதாது. சொல்லப்போனால் மண் போட்டு மூடுவதால் ஆபத்து கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் நெருப்பு அங்கேயே இருக்கும், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது.

விறகடுப்புக் காலத்தில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி சமையல் முடிந்ததும் கங்குகளை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடி வைப்பார்கள், விடியற்காலையில் மேலே இருக்கும் சாம்பலை விலக்கி இரண்டு சுள்ளியை வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான். சாம்பலும் மண்ணும் சூட்டை வெளியே விடாத போர்வைகள், உள்ளே கசிகிற கொஞ்சம் காற்றே கங்குக்குப் போதும். அன்று ராத்திரி நீங்கள் நெருப்பை மறுநாளைக்குப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் கேம்ப் போடும் பழக்கம் அதிகம், அங்கே தீக்காய மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்: குழந்தைகள் கேம்ப் ஃபயரில் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் எரிகிற தீயில் இல்லை, முந்தின நாள் மணலால் மூடிவிட்டுப் போன கங்கில், மறுநாள் காலையில், வெறுங்காலோடு ஓடும்போது. மணலுக்கடியில் எட்டு மணி நேரம் கழித்தும் காலைச் சுட்டுப் புண்ணாக்குகிற சூடு இருக்கும்.

இன்னொரு விஷயம், நீங்கள் போகிற இடமும் மாதமும். கொடைக்கானல் மேல்மலையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது, அந்தப் பனியில் புல் கருகி பிப்ரவரியில் சரசரவென்று காய்ந்து நிற்கும். போதாததற்குப் பைன் மரங்களும் தைல மரங்களும். பைன் மரத்தடியில் ஊசி இலை மெத்தை மாதிரி படிந்திருக்கும், அதில் ஒரு கங்கு இறங்கினால் ஜ்வாலையே இல்லாமல் உள்ளுக்குள் கனிந்துகொண்டே நகரும். மலையேற்றக் குழுக்களோடு போய்வந்த வருஷங்களில் ஒருமுறை, யாரோ இரண்டு நாள் முன்னால் மூடிவிட்டுப் போன குழிக்கு நாலடி தள்ளித் தரையிலிருந்து புகை வருவதைப் பார்த்தோம், தோண்டிப் பார்த்தால் பட்டுப்போன ஒரு வேர் உள்ளே சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எங்களுக்கு முக்கால் மணி நேரமும் கையிலிருந்த தண்ணீர் முழுவதும் ஆயிற்று. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, காற்றும் எழும்பிய பிறகு அதை யாரும் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மலையில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பதற்குள் நான் போகவில்லை. காய்ந்த புல்லில், சரிவில், காற்றோடு வரும் தீயை ஓடி ஜெயிக்க முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, எப்படி அணைப்பது? அணைப்பதைப் படுக்கப்போகும்போது தொடங்கக் கூடாது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். பத்தரைக்கு மேல் விறகு போடாதீர்கள். மணிக்கட்டு பருமனுக்கு மேல் உள்ள கட்டையை முதலிலிருந்தே போடாமல் இருந்தால் இன்னும் நல்லது, சின்ன விறகு முழுவதும் சாம்பலாகிவிடும், பெரிய கட்டைதான் பாதி வெந்து, உள்ளே கனலை வைத்துக்கொண்டு விடியும்வரை கிடக்கும். அடி அடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை உள்ளே தள்ளி எரியவிடுங்கள். ஜ்வாலை அடங்கி, தணல் மட்டும் இருக்கும்போது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி, மக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கெட்டோடு நடுவில் கொட்டினால் கொதிக்கிற ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், கங்கு நாலு பக்கமும் தெறிக்கும். நான் சொல்வதில் மக்கள் அதிகம் மீறுவது இதைத்தான், அவசரத்தில்.

ஊற்றியதும் 'உஸ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் இருக்கும்வரை நெருப்பு இருக்கிறது. ஒரு மண்வெட்டியோ நீளக் கம்போ எடுத்து அடிவரை கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், மறுபடி கிளறுங்கள், சாம்பலும் கரியும் தண்ணீரும் சேர்ந்து தோசைமாவு பதத்துக்கு வர வேண்டும். பாதி எரிந்த கட்டைகளைப் புரட்டி, கரிந்த பகுதியைச் சுரண்டி நனையுங்கள். சுற்றி வைத்த கற்களையும் புரட்டுங்கள், கல்லுக்கு அடியில்தான் கங்கு ஒளிந்திருக்கும். குழியைச் சுற்றி இரண்டடிக்குத் தரையையும் ஈரமாக்கிவிடுங்கள்.

பிறகு சோதனை. புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் இன்னும் கீழே, அப்படியும் தெரியாவிட்டால் விரலைச் சேற்றுக்குள் விட்டுப் பாருங்கள். கை வைத்துத் துழாவ முடிகிற அளவுக்குக் குளிர்ந்தால்தான் அணைந்தது என்று அர்த்தம். உங்களுக்குக் கை வைக்கப் பயமாக இருக்கிறதா? அப்படியென்றால் இன்னும் அணையவில்லை, ஊற்றுங்கள்.

தண்ணீர் குறைவு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏராளமான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்ணால் அது முடியாது, மண் சூட்டை உள்ளே பிடித்துத்தான் வைக்கும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் அளவுக்குச் சின்ன நெருப்பு என்றால் 10 லிட்டர் பக்கெட் இரண்டு தனியாக நிரப்பி வையுங்கள், பற்றவைப்பதற்கு முன்பே, குடிக்கவோ கை கழுவவோ அதைத் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு. அது முடியாத இடமா, நெருப்பைச் சின்னதாக்குங்கள். ஒரு பக்கெட்டுக்குக் கூட வழியில்லையா, அன்றைக்கு நெருப்பே வேண்டாம், ஸ்வெட்டரும் ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியும் போதும். வேறு வழியே இல்லாமல் மண்ணைப் பயன்படுத்த நேர்ந்தால், சருகோ வேரோ இல்லாத வெறும் ஈரமண்ணை எடுத்துக் கங்கோடு பிசைகிற மாதிரி கலந்துகொண்டே இருங்கள், மேலே கொட்டி மூடாதீர்கள். இதற்கு அதிக நேரம் ஆகும், கை வைத்துப் பார்க்கும் சோதனை இதற்கும் உண்டு.

எங்கே பற்றவைக்கிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு கருகிய வட்டம் இருக்குமே, அதையே பயன்படுத்துங்கள், ஆளாளுக்குப் புதிதாக ஒன்று வேண்டாம். பழைய லாரி வீல் ரிம்மோ பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மோ அவர்களிடம் இருந்தால் கேட்டு வாங்கி, நாலு கல்லின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடியில் தரை வேகாது. மேலே கிளை இருக்கக்கூடாது, பைன், தைல மரத்தடி கூடவே கூடாது. தைல மரத்துப் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், அது பற்றிக்கொண்டால் காற்றில் பறந்துபோய் வேறெங்கோ விழுந்து எரியும். ஓடையில் கிடக்கும் ஈரக்கல்லை எடுத்து வந்து சுற்றி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. குளிருக்குப் பயந்து மிச்சக் கங்கை ஒரு சட்டியில் அள்ளி டென்டுக்குள்ளோ அறைக்குள்ளோ வைத்துக்கொள்ளும் பழக்கம் மலைப்பக்கம் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே 2024-இல் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்துபோனார்கள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பல் தேய்ப்பதற்கும் முன்னால், குழியை மறுபடி கிளறித் தொட்டுப் பார்ப்பது. குளிர்ந்த சாம்பலை ஒரே இடத்தில் குவித்து வைக்காமல், தோட்டக்காரர் சரி என்றால் வெறும் தரையில் மெல்லிசாகத் தூவலாம், ஓடைப்பக்கம் மட்டும் வேண்டாம். தூவுவதற்கு முன்னால் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள். ஆணி, பாட்டில் மூடி, மீன் சுற்றிய அலுமினியத் தாள் எல்லாம் கிடைக்கும். அலுமினியத் தாள் எரியாது, உருகிச் சுருங்கித் துண்டு துண்டாகக் கிடக்கும். சிப்ஸ் பாக்கெட்டிலும் உள்பக்கம் பளபளப்பது அந்த அலுமினியப் பூச்சுதான். பிளாஸ்டிக்கை நெருப்பில் போட்டுக் கதையை முடிக்கிற வேலையையும் விட்டுவிடுங்கள், அந்தப் புகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் உங்கள் குழந்தைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

குப்பை என்றதும் எல்லோரும் பிளாஸ்டிக்கை மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை சாப்பாட்டு மிச்சம். ஆரஞ்சுத் தோலும் கோழி எலும்பும் மக்கிவிடும்தானே என்பார்கள், மேல்மலைக் குளிரில் ஆரஞ்சுத் தோல் மக்க மாதக்கணக்காகும், அதற்குள் மசாலா வாசனைக்குப் பன்றி, கரடி எது வேண்டுமானாலும் வரும், உங்களுக்கு அடுத்து அதே இடத்தில் படுக்கப்போகிறவர்களைத் தேடியும் வரும். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடுகள் நடமாட்டம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மாட்டினங்களுக்கும் மான்களுக்கும் உப்பு ரொம்பப் பிடிக்கும், உப்பு ஒட்டிய பேப்பர் தட்டையும் கவரையும் சேர்த்தே தின்றுவிடும். ஆகவே எலும்பு, தோல், மிச்சச் சோறு எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துடைப்பான் தாள்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், புதைத்தால் அப்படியே இருக்கும். கண்ணாடி பாட்டிலை உடைத்துப் போடுவது யானையின் காலுக்கு எமன். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாடு வந்ததே காட்டுக்குள் கிடந்த பாட்டில்களால்தான். பாத்திரத்தை ஓடையில் வைத்துக் கழுவாமல், தண்ணீரை மொண்டு வந்து எழுபது எண்பது தப்படி நடந்து தள்ளி வந்து கழுவுங்கள். கழிப்பறை இல்லாவிட்டால் அதற்கும் அதே தூரம், ஒரு சாணுக்குக் குறையாத குழி, முடிந்ததும் மூடி.

கிளம்பும்போது எல்லோரும் கை கோர்த்த மாதிரி ஒரு வரிசையாக நின்று, டென்ட் போட்ட இடத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக நடந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகள் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், மிட்டாய்த் தாளின் கிழிந்த நுனி, டென்ட் ஆணி, கயிற்றுத் துண்டு எல்லாம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது பட்டா நிலம்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், சரணாலயம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கமே காடு தொடங்குகிற இடங்கள் மேல்மலையில் நிறைய. தப்பித்தவறித் தீ புல்லுக்குத் தாவி, இரண்டு பக்கெட்டில் அடங்கவில்லை என்றால் வீரம் வேண்டாம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கோ வெறும் தரைக்கோ போங்கள், மேட்டை நோக்கி ஓடாதீர்கள், 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று போனவுடனே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தோட்டக்காரரிடம் போனில் பேசுங்கள். டென்ட் போடவும் நெருப்பு மூட்டவும் அவருக்கு அனுமதி இருக்கிறதா, குழிக்குப் பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர் நிறைத்து வைப்பாரா, மண்வெட்டி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். டிரம் நிறைத்து வைக்கிறேன் என்றால், ராத்திரி மக் ஊற்றும் வேலையை உங்கள் பையனிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கிளறுங்கள், 'உஸ்' சத்தம் நின்றதா இல்லையா என்று அவன் சொல்லட்டும்.