தேடுசொல் வேலை: மகளின் விருப்பத்தைக் கேட்டுக் கவலைப்படும் பெற்றோருக்கு

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மகள் எஸ்இஓ வேலைக்கு, அதாவது கூகுள் போன்ற தேடல் முடிவுகளில் ஓர் இணையத்தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு, போகப்போவதாகச் சொல்கிறாள், நாலு சொல்லை இணையத்தளத்தில் போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்டிருந்தீர்கள். தொழில்தான். வெளியிலிருந்து பார்ப்பதைவிடக் கடினமானது. சில பயிற்சி நிலையங்கள் விளம்பரப்படுத்துவதைவிட மெதுவாகப் பலன் தருவது. மகளுக்கு இது பொருந்துமா என்று நீங்களே கணிக்க, வேலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

சிங்கப்பூரில் ஒரு தமிழ்த் துணைப்பாட நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்புப் பக்கத்தில் ‘மாணவர்களின் மொழித்திறனை முழுமையாக வளர்க்கும் கற்றல் சூழல்’ என்று எழுதியிருப்பார்கள். அப்படி யாரும் கூகுளில் தட்டுவதில்லை. உட்லண்ட்சில் இருக்கும் ஓர் அம்மா, ‘பிரைமரி 5 தமிழ் டியூஷன் உட்லண்ட்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் ஆகஸ்ட் மாத வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது இன்னொருவர் ‘பிஎஸ்எல்இ தமிழ் ஓரல்’ என்று தேடுவார். முன்னவருக்கு வேண்டியது வகுப்பு, கட்டணம், நேரம், எம்ஆர்டி நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற விவரம். பின்னவருக்கு வேண்டியது பயிற்சிக் கேள்விகள். இருவரையும் ஒரே பக்கத்துக்கு இழுத்தால் இருவருமே திரும்பிப் போய்விடுவார்கள். தேடுகிறவரின் தேவையைச் சொல்லிலிருந்து பிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? முதலில், நிலையத்துக்கு வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் வரும் கேள்விகளிலிருந்து. பெற்றோர் கேட்கும் வார்த்தையை அப்படியே குறித்து வைக்க வேண்டும். அடுத்து, கூகுள் தேடல் பெட்டியில் தட்டும்போது தானாக விரியும் சொற்கள், முடிவுப் பக்கத்தில் வரும் தொடர்புடைய கேள்விகள். பிறகுதான் கீவேர்ட் பிளானர்: ஒரு சொல் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும், கூகுள் விளம்பரச் சேவையின் கருவி. விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் அது 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று வீச்சாகத்தான் எண் காட்டும். இடத்தைச் சிங்கப்பூர் என்று அமைக்காவிட்டால் தமிழ்நாட்டுத் தேடல்களும் கலந்து எண் பெருத்துத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. சறுக்கும் இன்னோர் இடம், சிறிய எண்ணைக் கண்டதும் சொல்லை ஒதுக்கிவிடுவது. எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வகுப்பு நிறைந்துவிடும் நிலையத்துக்கு, மாதம் முப்பது பேர் தேடும் சொல் பெரிய சொல்.

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் உடனே எழுத உட்காரக் கூடாது. அதைக் கூகுளில் போட்டு முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே வரைபடமும் கடைப் பட்டியலும் வந்தால், கட்டுரை எழுதி அங்கே ஏறுவது கடினம். அந்த வரைபடத்தில் தோன்றும் நிறுவன விவரக் குறிப்பான கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வழிகாட்டிக் கட்டுரைகளாக வந்தால் கட்டுரை எழுதலாம்.

பக்கத்தில் சொல் எங்கே இருக்க வேண்டும்? தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் தலைப்புக் குறியில், முடிந்தவரை முன்பகுதியில். பக்கத்தின் பெரிய தலைப்பில், முதல் பத்தியில், பக்கத்தின் இணைய முகவரியில், படம் எதைக் காட்டுகிறது என்று எழுத்தில் சொல்லும் மாற்றுரையில். மற்றப் பக்கங்களிலிருந்து இணைப்புக் கொடுக்கும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல், போய்ச்சேரும் பக்கத்தின் பொருளைச் சொல்லும் வார்த்தைகளில். ஆங்கிலத் தலைப்பில் ஏறக்குறைய 60 எழுத்துக்குமேல் போனால் தேடல் முடிவில் வெட்டுப்படும். கூகுள் வெட்டுவது அகலத்தை வைத்து. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் முன்பே வெட்டுப்படும், கைப்பேசியில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தின் நிரலில் தேடுசொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் ஒரு பயிற்சி வகுப்பில் அதை நிரப்பச் சொல்லிக் கொடுத்தால், அங்கே பணம் கட்டாதீர்கள். ‘நூறு சொல்லுக்கு இத்தனை முறை’ என்று கணக்குச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒரே சொல்லைத் திணிப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது, படிக்கிறவருக்கும் சலிப்பு.

சிங்கப்பூரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுண்டு. ஈசூன், தெம்பனிஸ், ஜூரோங் என்று பேட்டைக்கொரு பக்கம் போட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். கிளை இல்லாத பேட்டைக்கும் பக்கம் இருக்கும். இப்படி ஆளை இழுப்பதற்கென்றே போடும் வாசல் பக்கங்களைக் கூகுள் விதிமீறலாகவே கருதுகிறது. தேடல் முடிவிலிருந்தே தளத்தை நீக்கவும் செய்யலாம். கிளை இருந்தால் அந்தக் கிளையின் ஆசிரியர், கால அட்டவணை, படங்கள் என்று உண்மையான விவரத்தோடு பக்கம் போடட்டும். ஆண்டுதோறும் வரும் தேவைக்கு, தீபாவளிப் பலகார ஆர்டர் போன்றவற்றுக்கு, இணைய முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தைப் புதுப்பித்து வரலாம். அந்தப் பக்கம் தேடலில் சேர்த்த மதிப்பு வீணாகாது.

பலன் தெரிய எவ்வளவு காலம்? நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகலாம். ஆகஸ்ட் தேர்வுக்கான பக்கம் ஏப்ரலுக்குள் ஏறியிருக்க வேண்டும். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இனி மகள் செய்ய வேண்டியது. சான்றிதழ்களை அடுக்குவதற்கு முன், உண்மையான ஒரு சிறு தளத்தைப் பொறுப்பெடுக்கட்டும்: உறவினரின் கடை, சமூக அமைப்பு, எதுவானாலும் சரி. தளம் எந்தச் சொற்களுக்குத் தேடலில் வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை உரிமையாளர் தம் கணக்கிலேயே அமைத்து, மகளைப் பயனராகச் சேர்க்கட்டும். சேவை இலவசம், 16 மாதத் தரவு அதில் நிற்கும். செயல்திறன் அறிக்கையில், சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, அதிக முறை காட்டப்பட்டும் குறைவாகவே சொடுக்கப்படும் சொற்களைத் தனியே எடுக்க வேண்டும். உழைப்புக்கு விரைவில் பலன் தருபவை அவைதாம். அத்தகைய ஒரு சொல்லுக்கு வரும் பக்கத்தின் தலைப்பை மட்டும் மாற்றி, தேதியைக் குறித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கட்டும். நான்கைந்தை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பக்கம் தேடலில் வரவே இல்லையென்றால் சொல்லைக் குறை சொல்வதற்கு முன் சர்ச் கன்சோலிலேயே உள்ள யுஆர்எல் சோதனையைப் பார்க்கட்டும். இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்லும், தளம் கட்டும்போது போட்ட ‘நோஇண்டெக்ஸ்’ குறியை எடுக்க மறந்திருப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடாதா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. தேடல் முடிவின் உச்சியிலேயே பதிலைச் சுருக்கிக் கொடுக்கும் வசதியைக் கூகுள் 2024-ல் பரவலாக்கியது. பொருள் விளக்கம் மட்டும் சொல்லும் பக்கங்களுக்கு அதனால் வரவு குறையும். வெறும் கட்டுரை எழுதிக் குவிக்கும் வேலையை மட்டும் நம்பி உங்கள் மகள் இதில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வகுப்பில் சேர, பொருள் வாங்க, ஆளை அழைக்கத் தேடுகிறவர் கடைசியில் ஒரு நிறுவனத்திடம்தான் போய்ச் சேர வேண்டும். தரவைப் படித்து, வாடிக்கையாளரின் மொழியைப் புரிந்து முடிவெடுப்பவருக்கு வேலை இருக்கும். ஆங்கிலமும் தமிழும் எழுதத் தெரிந்தவள் என்பதைத் தன் சுயவிவரத்தில் அவள் மறைக்கவே கூடாது.

படிப்புச் செலவைப் பொறுத்தவரை, பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்குத்தான். மகளுக்கு இப்போது கிடைக்காது. கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் உள்ள, தள வருகையை அளக்கும் அனலிட்டிக்ஸ் கருவிக்கான பாடமும் சான்றிதழும் இலவசம், தொடங்குவதற்கு அது போதும். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் எஸ்இஓ வேலை விளம்பரங்கள் இருபதைப் படித்து, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் திறன்களை அவள் எழுதி எடுக்கட்டும்.

நேர்காணலுக்கு இரண்டு பக்கம் போதும்: எந்தச் சொல், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள், என்ன மாற்றினாள், எந்தத் தேதியில், அதற்கு முன்னும் பின்னும் சர்ச் கன்சோல் படம். பலன் வராத ஒரு முயற்சியும் அதில் இருக்கட்டும். தேர்வாளர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். படங்களைக் காட்ட உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விசாரணைப் படிவத்தில் வந்த பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓரிடத்திலும் தெரியக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைக்கும் பொருந்தும்.