பழைய ஆர்கான் மெஷின்: மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: வீட்டை ஒட்டிய ஷெட்டில் பழைய பைக்குகளைச் சரிசெய்கிறேன். சைலன்சர் பைப், எஸ்.எஸ். பிராக்கெட் வேலைகளுக்காக டிக் வெல்டிங் மெஷின் (ஆர்கான் கேஸ் பாய, டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்னும் மின்பொறி எடுத்து ஒட்டுவது) வாங்க ஆசை. இரண்டு பழைய மெஷின்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, எஸ்.எஸ். கைப்பிடி வேலை செய்பவரின் 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் வகை மெஷின். மற்றது, மூடிய கம்பெனி ஒன்றின் 300 ஆம்பியர் ஏசி/டிசி மெஷின், தண்ணீர் டார்ச்சோடு (தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் வெல்டிங் கைப்பிடி). இரண்டாவதுதான் மலிவு. வீட்டில் சிங்கிள் பேஸ். எப்போதாவது அலுமினிய இன்ஜின் கவரும் ஒட்ட வேண்டியிருக்கும். எதை வாங்கலாம்? – திருப்பூர் வாசகர்

பதில்: மலிவாக வருவதை விட்டுவிடுங்கள். அந்த அளவு மெஷின்கள் பெரும்பாலும் 415 வோல்ட், மூன்று பேஸ். பின்பக்கத் தகட்டில் அப்படி இருந்தால் உங்கள் ஷெட்டில் அது பெட்டியாக மட்டுமே கிடக்கும். கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவு காணாமல் போய்விடும். தண்ணீர் டார்ச்சுக்கு பம்ப், கூலர் என்று தனிப் பராமரிப்பு வேறு.

அலுமினியத்துக்கு ஏசி வேண்டும் என்பது உண்மைதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும். ஏசியில் மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடும்போது, ஒரு திசையில் அந்தப் படலம் உடைபடுகிறது. டிசியில் வழக்கமான முறையில் இது நடக்காது. ஆனால் வருடத்துக்கு நாலு இன்ஜின் கவருக்காக பழைய ஏசி/டிசி மெஷின் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏசி தருவதற்காக உள்ளே இன்னொரு அடுக்கு எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. அது போனால் பழுதுச் செலவு மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும். தவிர, எண்ணெய் ஊறிய வார்ப்பு அலுமினியம், கை பழகாதவர் தொட வேண்டிய பொருளே அல்ல. கவரை ஆர்கான் கடையில் கொடுத்து வாங்குங்கள்.

ஆக, பேச்சு முதல் மெஷினைப் பற்றித்தான். அதை வாங்கலாம், ஆனால் பார்த்து. டிக் மெஷினில் 200 ஆம்பியருக்கு ஆர்க் வோல்டேஜ் சுமார் 18. அதாவது வெளியே வருவது 3.6 கிலோவாட். உள்ளே இழப்பெல்லாம் சேர்த்தால் முழு ஆம்பியரில் 25 ஆம்பியருக்கு மேல் லைனிலிருந்து இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் அது நிற்காது. நல்ல வேளையாக, ஒன்றரை மி.மீ. எஸ்.எஸ். பைப்புக்கு 50, 60 ஆம்பியரே தாராளம். இருந்தாலும் மீட்டர் போர்டிலிருந்து 6 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன் இழுத்து, 32 ஆம்பியர் எம்சிபி போட்டு, எர்த்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மெஷினுக்கே வருவோம். கைப்பிடி வேலை நடக்கும் இடத்தில் நாள் முழுக்க கிரைண்டர் ஓடும். அந்த இரும்புத் தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மூடியைத் திறந்து பார்க்காமல் விலை பேசவே பேசாதீர்கள். பிளக்கை உருவிப் பத்து நிமிடமாவது கழித்து, விற்பவரையே திறக்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். எட்டிப் பார்ப்பதோடு சரி, கை வைக்காதீர்கள். போர்டில் கறுப்பாகத் தூள் படிந்து அப்பிக் கிடந்தால் பின்வாங்குங்கள். ஒன்றிரண்டு பாகம் மாற்றிய தடம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யார் மாற்றினார் என்று கேளுங்கள். அந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறார், இந்த மாடல் போர்டு அவருக்குக் கிடைக்கிறது என்றால், அது பெட்டியில் ஒட்டியிருக்கும் பிராண்ட் பெயரைவிடப் பெரிய உத்தரவாதம். போர்டே கிடைக்காத பெயர் தெரியாத மெஷின் என்றால் இலவசமாகத் தந்தாலும் யோசிக்க வேண்டும்.

முன்பக்கத்தில் கேஸ் வெளியே வரும் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மெஷின்கள் உண்மையில் ராட் வெல்டிங் மெஷின்தான். வால்வு வைத்த டார்ச்சை மாட்டி டிக் என்று விற்பார்கள். அதில் டங்ஸ்டனை உரசியோ தொட்டோதான் ஆர்க் எடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது தொடாமலே பற்றும் எச்எஃப் ஸ்டார்ட்.

ஓட்டிப் பார்க்க உங்கள் பைப் துண்டுகளையே கொண்டுபோங்கள். பத்துப் பதினைந்து முறை ஆர்க் எடுங்கள். ஒவ்வொரு முறையும் சட்டென்று பற்ற வேண்டும். ஆம்பியரை இருபதுக்கு இறக்குங்கள். ஆர்க் துள்ளாமல் நிற்க வேண்டும். மெல்லிய தகட்டு வேலைக்கு முழு ஆம்பியரைவிட இதுதான் முக்கியம். அப்புறம் நூற்றைம்பதில் வைத்துத் தடித்த இரும்பில் தொடர்ந்து ஓட்டுங்கள். மெஷினின் பின்பக்கத் தகட்டில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அதில் குறித்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓட வேண்டும் என்று பொருள். 40 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு அது. மே மாதத் தகர ஷெட்டில் கொஞ்சம் குறையும். காட்டும் ஆம்பியர் நிஜமா என்று அறிய டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், சாதாரண ஏசி கிளாம்ப் உதவாது.

ஆர்க் நின்றபின் டங்ஸ்டன் நுனியைப் பாருங்கள். வெள்ளியாகப் பளபளத்தால் நல்லது. நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் கேஸ் சீக்கிரமே நின்றுவிடுகிறது, அல்லது ஹோஸில் கசிவு. ஆர்க் நின்றபின் கேஸ் வரும் நேரத்தைக் கூட்டியும் மாறவில்லையென்றால், சிலிண்டர் வால்வைத் திறந்து மூடிவிட்டு ரெகுலேட்டர் முள்ளைக் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் இறங்கினால் கசிவுதான். ஹோஸ் என்றால் அற்பச் செலவு, சொலினாய்டு (கேஸைத் திறந்து மூடும் மின் வால்வு) என்றாலும் மாற்றக்கூடியதே. இரண்டையும் விலையில் கழித்துப் பேசலாம். டார்ச்சையும் அப்படியே: 17ஆம் நம்பர் டார்ச் 150 ஆம்பியருக்கானது, 26ஆம் நம்பர்தான் 200க்கு. பழைய டார்ச்சுக்குத் தனியாகக் காசு தர வேண்டாம்.

டார்ச், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்துப் புது மெஷின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால், வாரண்டியோடு புதிதே வாங்கிவிடுங்கள்.

சிலிண்டரை மட்டும் அவரிடம் வாங்காதீர்கள். யாருடையது, கடைசியாக எப்போது பிரஷர் டெஸ்ட் ஆனது என்று தெரியாத சிலிண்டரில் நிரப்பித் தர ஏஜென்சிகள் மறுப்பார்கள். டெபாசிட் கட்டி ஏஜென்சியிலேயே எடுங்கள். 7 கன மீட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று விட்டால், 14 மணி நேரத்துக்கு மேல் ஆர்க் தரும். வார இறுதியில் மட்டும் வேலை பார்ப்பவருக்கு அது மாதக்கணக்கில் வரும்.