அடுத்த அழைப்பு யாருக்கும் தெரியாது

அன்புள்ள அக்கா,

டென்வர் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். வயது 58. பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டதால் சர்ச் ஹாலில் நடக்கும் ஸ்கொயர் டான்ஸ் வகுப்புக்குத் தனியாகப் போய்வருகிறேன். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம் அது. சின்ன வயதில் பரதம் கற்றவள், சுலபமாக வரும் என்று நினைத்தேன். வீட்டில் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனாலும் அங்கே குழம்பிப்போகிறேன். என் ஒருத்தியால் எட்டுப் பேரும் நிற்கவேண்டியதாகிறது. "அது வெள்ளைக்காரர்களின் கௌபாய் ஆட்டம், உங்களுக்கு எதற்கு?" என்கிறார் மருமகன். விட்டுவிடலாமா?

எஸ்., கொலராடோ

அன்புள்ள எஸ்.,

விடவேண்டாம். அடுத்த வாரமும் கட்டாயம் போங்கள்.

பரதம் பழகியதுதான் உங்களைத் தடுமாற வைக்கிறது என்று தோன்றுகிறது. நட்டுவனார் ஜதி சொல்லும்போது அடுத்து வருவது உங்கள் காலுக்கு முன்பே தெரியும். ஸ்கொயர் டான்ஸில் அடுத்து என்ன ஆடவேண்டும் என்று அழைப்புச் சொல்லி நடத்துகிற காலர் வாயைத் திறக்கும்வரை எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. இருபது வருஷம் ஆடியவருக்கும் தெரியாது. டிப் என்கிற ஒவ்வொரு சுற்று ஆட்டத்திலும் முதலில் வருகிற பேட்டர் பகுதியில், அதாவது அழைப்புகளைப் பாட்டாக இல்லாமல் பேச்சாகச் சொல்லும் பகுதியில், எதிரே ஆடுகிறவர்களைப் பார்த்தபடி காலர் அழைப்புகளைக் கோத்துக்கொண்டே போவார். அதனால் வீடியோவில் பார்த்த வரிசையை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு அழைப்பும் தனித்தனியாக என்ன என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் காது. காலர்லேப் என்ற காலர்களின் அமைப்பு, 1974இல் தொடங்கியது, இந்த அழைப்புகளை வரையறுத்து நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. மெயின்ஸ்ட்ரீம் நிலைக்குச் சுமார் 70 அழைப்புகள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட இதே ஆங்கிலச் சொற்களில்தான் அழைக்கிறார்கள். டென்வரில் கற்றதை வைத்து டோக்கியோவில் ஆடலாம். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பெரிய பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அலெமாண்ட் லெஃப்ட் என்ற அழைப்பை எடுத்துக்கொள்வோம். பெண் இடத்தில் ஆடினால் ஜோடி உங்களுக்கு இடப்பக்கம் நிற்பார், வலப்பக்கம் நிற்பவர் கார்னர். அழைப்பு வந்ததும் கார்னர் பக்கம் திரும்பி, இடது கையால் அவருடைய இடது முன்கையைப் பற்றிச் சுற்றிவந்தால் எதிரே உங்கள் ஜோடி இருப்பார். பெரும்பாலும் அடுத்து வருவது ரைட் அண்ட் லெஃப்ட் கிராண்ட். ஜோடிக்கு வலது கை, அவரைக் கடந்துபோய் அடுத்தவருக்கு இடது, அப்புறம் வலது, அப்புறம் இடது. அதன்பின் எதிரே வருகிறவர் உங்கள் ஜோடியேதான். புதியவர்கள் இங்கே தொலைவது காலால் அல்ல, கண்ணால். 'சரியான ஆளுக்குத்தான் கை கொடுத்தோமா' என்று திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குள் அடுத்த கை வந்துவிடும். கையை விட்டதும் அந்த ஆளை மறந்துவிடுங்கள். முன்னால் நீளும் கையைப் பாருங்கள். காலுக்கு அடவு எதுவும் வேண்டாம், தாளத்துக்கு நடந்தால் போதும்.

அப்படியும் தொலைந்தால் ஓடித் தேடாதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். வகுப்புக்கு உதவ வருகிற பழைய ஆட்டக்காரர்களை ஏஞ்சல் என்பார்கள். அவர்களில் ஒருவர் கையை நீட்டுவார், பிடித்துக்கொண்டு போங்கள். சதுரமே கலைந்துவிட்டால் அவரவர் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, காலர் மறுபடி சேர்த்துக்கொள்ளும்வரை காத்திருப்பது வழக்கம். இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்றாலே எல்லாச் சதுரமும் கலைகிறது என்றுதானே பொருள்? எட்டுப் பேரை நிறுத்திவிட்டோமே என்ற கூச்சத்தை இதோடு விடுங்கள்.

மருமகனுக்கு ஒரு பதில். இந்த ஆட்டத்தின் வேர் பிரான்ஸின் குவாட்ரில், கொட்டிலியன் ஆட்டங்களிலும் இங்கிலாந்தின் கிராமிய நடனங்களிலும் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஃபிடில் வாசித்தபடி அழைப்புகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்தியவர்களில் கறுப்பின இசைக்கலைஞர்கள் ஏராளம், அடிமை முறை இருந்த காலத்திலிருந்தே. காலர் என்ற ஆள் உருவானதில் அவர்களுடைய பங்கு பெரிது என்பது ஃபில் ஜேமிசன் போன்ற ஆய்வாளர்களின் முடிவு. 1920களில் கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு, ஜாஸ் இசையை வெறுத்து, அதற்கு மாற்றாகப் பழைய நடனங்களைப் பள்ளிகளில் பரப்பப் பணம் செலவழித்தார். யூதர்கள்மீது அவருக்கு இருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது. இதை மறைக்கக் கூடாது. அதற்காக ஆட்டத்தை அவருக்கு எழுதிக்கொடுத்துவிடவும் வேண்டாம், அது அவர் உண்டாக்கியதில்லை. உங்கள் கொலராடோவிலேயே, கொலராடோ ஸ்பிரிங்ஸில் லாயிட் ஷா என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பழைய ஆட்டங்களைத் தேடித் தொகுத்து, தன் மாணவர்களைப் பழக்கி, ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆடவைத்தார். இன்று நீங்கள் கற்கும் ஆட்டம் இவ்வளவு பரவியதில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு.

தனியாகப் போவது பற்றிக் கவலை வேண்டாம். ஜோடி இல்லாமல் வருகிறவர்களைப் பல கிளப்புகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆள் குறைந்தால் பெண்கள் ஆண் இடத்திலும் ஆடுவார்கள். படங்களில் பார்க்கும் அடுக்குப் பாவாடை வகுப்புக்குத் தேவையில்லை, சுடிதார் போதும். துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள், சுற்றும்போது பக்கத்தில் ஆடுபவரின் கையில் சிக்கும். ரப்பர் அடி ஷூ தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகும். வழவழப்பான அடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா